பன்னிரண்டு நாற்பது வண்டி

செல்லூரில் எங்கள் குளியலறை
ஆறடிக்கு நாலரை.
இரவு பதினொன்றுக்கு மேல் அது என் இருட்டறை.
கவிழ்த்த வாளிகள்மேல் ஒரு பலகை,
பலகையில் மூன்று தட்டு,
மூன்றுக்கும் தனித்தனி இடுக்கி.
என்லார்ஜர் மட்டும்
வெஸ்டர்ன் கோப்பையின் மூடிமேல்,
மரியாதை கொஞ்சம் குறைவான இடத்தில்.

முதல் விளக்கு
முருகன் படத்துக்கு மேல் எரிந்த ஜீரோ வாட் சிவப்பு.
கழற்றும்போது அம்மா பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் முருகன்
பச்சை வெளிச்சத்தில் நின்றார்.
எனக்குக் கிடைத்ததோ
சிவப்பு அல்ல, சிவப்புப் பூச்சு.
உதிர்ந்த இடத்தில் கடுகளவு வெள்ளை
பல்லைக் காட்டியது.

தாளுக்கு நீலம் தெரியும், பச்சை தெரியும்.
சிவப்பு மட்டும் அதன் கண்ணுக்கு இருட்டு.
அந்த ஒரு குருட்டை நம்பித்தான்
நான் உள்ளே கண்ணைத் திறந்துவைத்திருக்கிறேன்.

சிவகாசியில் லேபிள் அச்சகத்தில் இருக்கும்
சித்தி மகன் இருளாண்டியிடம்
(பெயர்ப் பொருத்தம் பார்த்துக் கேட்கவில்லை)
சிவப்பு ஃபிலிம் துண்டு வாங்கினேன்.
இரண்டு மடிப்பு. பல்பைச் சுற்றி,
சூடு படாமல் ஒரு விரல்கடை தள்ளி.
அறை முழுக்க
மாதுளம்பழத்துக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

இனிச் சோதனை.
தாள்மேல் ஒரு ரூபாயை வைக்க வேண்டும்.
வேறு விளக்கு கூடாது.
ஏழு நிமிடம் கழித்து டெவலப்பரில் இட்டால்
தாள் வெறும் வெள்ளையாக வந்தால்
விளக்கு யோக்கியம்.
ரூபாயின் வட்டம் தெரிந்தால்
எங்கோ பொய்.

திங்கள் வெள்ளை.
செவ்வாய் வட்டம்.
புதனும் வெள்ளை, வியாழன் மறுபடி வட்டம்,
சாம்பல் நடுவில் தெளிவாக, அசிங்கமாக.
கீசரின் குட்டி விளக்குக்கு
பிளாஸ்திரி ஒட்டினேன்.
சாவித் துவாரத்தில் பஞ்சு.
தம்பி கோகுலன் வெளியே போன் பார்க்கிறானென்று
சண்டை போட்டேன்.
அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை
ரூபாயை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து
சும்மா பார்த்தேன்.
ஐந்தாம் நிமிடம்
டெவலப்பரின் மேல்
யாரும் தொடாமல் வளையங்கள்.
பிறகு சோப்புப் பெட்டி நடுங்கியது.
பிறகுதான் சத்தம்.
எக்ஸாஸ்ட் ஃபேனின் இதழிடுக்கில்
ஒரு வெள்ளைக் கோடு நுழைந்து
குழாய், கண்ணாடி, என் முழங்கால்,
ரூபாய் வைத்த தாள் என்று
வரிசையாகத் தடவிவிட்டு
சுவரில் ஏறிப் போயிற்று.
இரண்டு விநாடி இருக்கும்.
பன்னிரண்டு நாற்பது வண்டி.
திங்களும் புதனும் அது லேட்.

இருளாண்டியின் சிவப்பு யோக்கியம்தான்.
கோகுலனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை,
காலையில் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.
குடைத்துணியை நாலாக மடித்து
ஃபேன்மேல் அறைந்தேன்.
அடுத்த வண்டி போனபோது
வளையம் வந்தது,
வெளிச்சம் வரவில்லை.

அன்று அச்சிட்டது
கல்பாலத்தில் கால் வைக்க யோசிக்கும் எருமை.
கறுப்பு கறுப்பாக வந்தது.
கொம்பின் நுனியில் ஒட்டிய ஈரம்
வெள்ளையாகவே நின்றது.
எல்லோரும் நல்லாயிருக்கு என்றார்கள்.

ஆனால் ஆணியில் மாட்டியிருப்பது எருமை அல்ல.
வெள்ளிக்கிழமைத் தாள்.
அந்த லோகோ பைலட்டுக்குத் தெரியாது,
கூடல்நகர் பக்கம் வேகம் கூட்டுமுன்
ஒரு பெண்ணின் குளியலறையில்
ஒரு ரூபாயைப் படம் எடுத்தார் என்று.
பின்னால் பென்சிலில் தேதி போட்டு
எழுதி வைத்திருக்கிறேன்:
வெளிச்சம் அவருடையது,
காசு என்னுடையது.

கதவு தட்டுகிறது.
'அக்கா, அவசரம்.'
'தாள் தண்ணியில இருக்குடா. மூணு நிமிஷம்.'
'மூணெல்லாம் தாங்காது.'